சிறுநீர்ப் பரிசோதனை

சிறுநீரின் நிறம், தெளிவு, அதில் கரைந்த பொருள்கள், மிதக்கும் நுண்பொருள்கள் ஆகியவற்றைப் பார்த்து உடலின் நிலையை அறியும் மருத்துவ முறை சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரக நோய், நீரிழிவு, நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, மஞ்சள் காமாலை, கர்ப்பகால இரத்த அழுத்த நோய் ஆகியவற்றைக் கண்டறியவும் தொடர்ந்து கவனிக்கவும் உதவுகிறது. ஊசி இல்லை, செலவும் குறைவு. திருவண்ணாமலையில் 2013-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியானாலும் சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையமானாலும் அடிப்படைச் சோதனை ஒன்றே. ஆனால் ஒரே முடிவு இருவருக்கு இருவேறு பொருள் தரலாம். மாதிரி எடுத்த விதத்தையும், தந்தவர் முந்தைய நாளைக் கழித்த விதத்தையும் சேர்த்துப் படித்தால்தான் முடிவு விளங்கும்.

வரலாறு

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நூல் இதை நீர்க்குறி, நெய்க்குறி என இரண்டாகப் பிரிக்கிறது. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் பார்ப்பது நீர்க்குறி. சிறுநீரின் மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் வடிவத்தைப் பார்ப்பது நெய்க்குறி: பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம்.

இந்நூல் சோதனைக்கு முன் விதிக்கும் கட்டுப்பாடுகள் வியக்க வைப்பவை. முந்தைய நாள் அளவாக, உரிய நேரத்தில் உண்டு, நன்றாக உறங்கி, வைகறையில் கண்ணாடிக் கலத்தில் நீரைப் பிடித்து, ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 3¾ நாழிகைக்குள் பார்த்துவிட வேண்டும். இன்றைய கணக்கில் அது 90 நிமிடம். இன்றைய ஆய்வகங்கள் வைக்கும் கெடுவும் ஏறக்குறைய அதுவே. எண்ணெய் பரவுவது நீரின் பரப்பு இழுவிசையைப் பொறுத்தது. பித்த உப்பு அதைக் குறைப்பதால்தான், நவீன மருத்துவத்தின் ஹே சோதனையில் சிறுநீர்மேல் தூவிய கந்தகப் பொடி மூழ்குகிறது. ஆயினும் நெய்க்குறி இன்றைய ஆய்வகச் சோதனைக்கு மாற்றாகாது.

நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் சர்க்கரை இருப்பதை இங்கிலாந்தின் மாத்யூ டாப்சன் 1776-இல் வெளியிட்டார். வீக்கத்தோடு சிறுநீரில் ஆல்புமின் போவது சிறுநீரக நோயின் அடையாளம் என்பதை ரிச்சர்ட் பிரைட் 1827-இல் விளக்கினார். சர்க்கரையைக் காட்டும் முக்கி எடுக்கும் பட்டை 1956-இல் விற்பனைக்கு வந்தது.

மாதிரி எடுத்தல்

காலையில் கழியும் முதல் சிறுநீர் செறிவானது. பெரும்பாலான சோதனைகளுக்கு ஏற்றது. பிறப்புறுப்பை நீரால் கழுவியபின் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. பழைய மருந்துப் புட்டி உதவாது. மாதவிலக்கு நாள்களில் இரத்தம் கலக்கும் என்பதால் ஒத்திப்போடலாம். அவசரமென்றால் ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். வீட்டில் பிடித்து, சித்திரை வெயிலில் பேருந்தில் கொண்டுவரும் மாதிரியில் கிருமிகள் பெருகும், யூரியா அம்மோனியாவாக மாறும், அணுக்கள் உடையும், சர்க்கரை குறையும். தொலைவிலிருந்து வருபவர் மருத்துவமனையிலேயே பிடித்துத் தருவது நல்லது.

சோதிக்கும் முறை

முதலில் பார்வை. வெளிர் மஞ்சள் இயல்பு. தேநீர் நிறம் காமாலையையும், சிவப்பு இரத்தத்தையும் குறிக்கலாம். பீட்ரூட் உண்டவருக்கும் சிவக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு ஆரஞ்சு நிறமாகும்.

அடுத்து வேதிச் சோதனை. பட்டையை நனைத்து, குறித்த விநாடிகளில் அதன் நிறங்களைப் பட்டை வந்த டப்பாவில் அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிடுவர். புரதம் 'ஒரு பிளஸ்' என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், 'மூன்று பிளஸ்' என்றால் சுமார் 300.

பட்டை இல்லாத இடத்திலும் ஆல்புமினைப் பார்க்கலாம். சோதனைக் குழாயில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீர் எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு மேற்பகுதியை மட்டும் சுடரில் காட்டுவர். மேலே வெண்மேகம்போல் கலங்கினால் சில துளி அசெட்டிக் அமிலம் விடுவர். கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட், நின்றால் ஆல்புமின். சர்க்கரைக்கு, 5 மில்லிலிட்டர் பெனடிக்ட் கரைசலில் 8 துளி சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பர். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை; பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என ஏறி, செங்கல் சிவப்பானால் மிகுதி.

மூன்றாவது நுண்ணோக்கி. சுழற்றிப் படியவைத்த வண்டலை 400 மடங்கு பெருக்கிப் பார்ப்பர். ஒரு பார்வைப் புலத்தில் சிவப்பணு மூன்றுக்கு மேலோ, சீழ் அணு ஐந்துக்கு மேலோ இருந்தால் காரணம் தேட வேண்டும். சிவப்பணுக்கள் உருளையாக ஒட்டி வந்தால் இரத்தம் கசிவது சிறுநீரகத்தின் வடிமுடிச்சிலிருந்துதான்.

பொருள் கொள்ளுதல்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தவரை எடுத்துக்கொள்வோம். விரதம், குறைந்த தண்ணீர், வெறுங்கால் நடை. மறுநாள் காலை அவர் தரும் சிறுநீரில் அடர்த்தி எண் 1.030-ஐத் தொடலாம்; கீட்டோனும் சிறிது புரதமும் தெரியலாம்; கண்ணாடிபோன்ற உருளைகள் மிதக்கலாம். இவை எல்லாம் நோயின்றியும் வருபவை. நன்றாகத் தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி சோதித்தால் உண்மை விளங்கும்.

அதே சிறிது புரதம் கர்ப்பிணிக்கு வேறு பொருள் தரும். 20 வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, ஆல்புமினும் தெரிந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. ஒவ்வொரு கர்ப்பகாலப் பரிசோதனையிலும் செவிலியர் டப்பாவை நீட்டுவது இதற்காகத்தான். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

இரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். எனவே 'சுகர் நில்' என்பது நீரிழிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவருக்கோ, இரத்தத்தில் கட்டுப்பாடு இருந்தும் சிறுநீரில் சர்க்கரை நிறையத் தெரியும். அது மருந்தின் வேலை. நீரிழிவுக்காரர் ஆண்டுதோறும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்க்க வேண்டும். அது 30-க்குக் கீழ் இருப்பது இயல்பு. பட்டைக்குத் தெரியாத தொடக்கச் சேதத்தையும் இது காட்டும்.

நைட்ரைட் தெரிந்தால் பெரும்பாலும் தொற்று. தெரியாததால் தொற்று இல்லை என்றாகாது. கிருமி வளர்ப்புச் சோதனையில் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமிகள் என்பது வழக்கமான அளவுகோல். தோல் அணுக்கள் நிறைய இருந்தால் மாதிரி சரியாகப் பிடிக்கப்படவில்லை. மீண்டும் தர வேண்டும்.

மூன்று நாள் ஓய்வுக்குப் பின்னும் புரதமோ சிவப்பணுவோ நின்றால் அதைக் கிரிவலம் நடந்த களைப்பின் கணக்கில் எழுதக் கூடாது. நடுவயதைக் கடந்தவருக்கு வலியின்றிச் சிறுநீர் சிவப்பது, ஒரே ஒருமுறை வந்து தானாக நின்றுவிட்டாலும், சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அடுத்த பௌர்ணமி வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.