அடைச்சூடு

2017 நவம்பர் 30 காலையில் ஓகி புயல் அடித்தபோது, கருங்கல்லில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் 19 முட்டைகள் உயிரோடு இருந்தன. அன்று அவற்றுக்குப் பதினான்காம் நாள். 24 வைத்திருந்தேன். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத ஐந்து கூமுட்டைகளை எடுத்துப் போட்டிருந்தேன்.

அந்தப் பெட்டி நானே செய்தது. மீன் வரும் பழைய தெர்மோகோல் பெட்டி, ஒரு 60 வாட் குண்டு பல்பு, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன், சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட், ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பதினெட்டாம் நாள் புரட்டுவதை நிறுத்தி ஈரத்தைக் கூட்ட வேண்டும். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு.

பாட்டிக்கு இதில் நம்பிக்கை இல்லை. "கரண்டுக்க சூடும் கோழிக்க சூடும் ஒண்ணா மக்கா?" என்றாள். அவள் அடை வைப்பது கடவத்தில். அடியில் மணல், மேலே பன்னிரண்டு முட்டை, இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டு. மீதி எல்லாம் கோழியின் பொறுப்பு.

ஆனால் கோழி இல்லாமல் குஞ்சு பொரிப்பது பல்புக்கும் முந்தைய கதை. எகிப்தில் முட்டைகளைச் சாணத்தின் சூட்டில் பொரிக்க வைப்பதைப் பற்றி அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். பின்னாட்களில் அங்கே ஆயிரக்கணக்கான முட்டைகள் கொள்ளும் மண் சூளைகள் இருந்தன. தெர்மோமீட்டர் கிடையாது. சூளைக்காரர் முட்டையை எடுத்துத் தன் கண்ணிமையில் வைத்துப் பார்ப்பார். இமைக்குத் தெரியும் சூடுதான் கணக்கு. பிரெஞ்சு விஞ்ஞானி ரேமூர் இந்த வித்தையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவரப் பாடுபட்டு 1749இல் ஒரு புத்தகமே எழுதினார். 1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமா என்ற ஊரில் லைமன் பைஸ் என்பவர் விளக்கு வைத்த இன்குபேட்டரைச் செய்தார். அந்த ஊர் பிறகு உலகத்தின் முட்டைக்கூடை என்று பெயர் வாங்கியது.

அங்கே வளர்ந்தது வெள்ளை லெகார்ன் கோழி. இத்தாலியிலிருந்து போன இனம். நிறைய முட்டையிடும், ஆனால் அடை கிடக்காது. காரணம் எளிது. அடை கிடக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். 21 நாள் அடை, அப்புறம் பல வாரம் குஞ்சோடு அலைச்சல். அவ்வளவு நாளும் முட்டை இல்லை. அதனால் அடை கிடக்காத கோழிகளாகப் பார்த்துப் பார்த்து வளர்த்து, அந்தக் குணத்தையே இனத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கோழியிடமிருந்து எடுத்ததைப் பெட்டிக்குள் வைத்தார்கள். இன்குபேட்டரும் லெகார்னும் ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது.

இந்தக் கதை எங்கள் பக்கமும் வந்தது. கருங்கல்லிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் மார்த்தாண்டம். இந்தப் பகுதி அன்று திருவிதாங்கூர், தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956இல்தான். 1920களில் கே.டி. பால் தொடங்கிவைத்த ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியின் பகுதியாக மார்த்தாண்டத்தில் ஒரு கிராம மேம்பாட்டு மையம் உருவானது. அதை நடத்திய அமெரிக்கரின் பெயர் டுவேன் ஸ்பென்சர் ஹாட்ச். ஆங்கிலத்தில் 'ஹாட்ச்' என்றால் முட்டை பொரிப்பது. பெயர்ப் பொருத்தம் அப்படி!

மார்த்தாண்டம் தேன் என்று இன்று நாம் கொண்டாடும் தேன்பெட்டித் தொழில் வளர்ந்ததில் அந்த மையத்துக்குப் பெரிய பங்குண்டு. தேனீ அளவுக்குக் கோழியும் அவர்களுக்கு முக்கியம். லெகார்ன் சேவல்களை நாட்டுக்கோழிகளோடு சேர்த்து நல்ல முட்டைக்கோழிகளை உருவாக்கப் பார்த்தார்கள். முட்டைகளைத் தரம் பார்த்துக் கூட்டாக விற்க சங்கம் கண்டார்கள். 1932இல் ஹாட்ச் எழுதிய 'அப் ஃப்ரம் பாவர்ட்டி இன் ரூரல் இந்தியா' புத்தகத்தின் மையக் கருத்து, கிராமத்து மக்கள் தங்கள் சொந்த முயற்சியாலேயே வறுமையிலிருந்து எழ வேண்டும் என்பதுதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. முட்டை விற்ற காசு பெரும்பாலும் பெண்களின் கைக்காசு.

அந்த முற்றத்துக் கோழியைப் பிறகு கூண்டுக்கோழி ஓரம் தள்ளியது. பி.வி. ராவ் 1971இல் வெங்கடேஸ்வரா ஹாட்சரீஸைத் தொடங்கினார். லெகார்ன் வழியில் வந்த கோழிகள் நாமக்கல்லில் வருஷம் முந்நூறு முட்டைக்குமேல் இடுகின்றன. பாட்டியின் கோழி ஐம்பது, அறுபது இட்டாலே அதிகம். நாமக்கல் முட்டையைப் பெட்டியில் வைத்தால் குஞ்சு வராது. அந்தக் கூண்டுகளில் சேவலே கிடையாது.

புயல் நாளுக்கு வருகிறேன். விடியுமுன்பே கரண்ட் போய்விட்டது. வெளியே ரப்பர் மரங்கள் முறிகிற சத்தம், வாழைத்தோட்டம் முழுக்கப் படுத்துவிட்டது, மின்கம்பங்கள் ரோட்டில் கிடந்தன. வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். சூடு 38, 35, 33 என்று இறங்கிக்கொண்டே இருந்தது. மத்தியானம் பாட்டி சொன்னாள், "கிழக்க வீட்டு மாமிக்க கோழி அடைக்கு நிக்குது. போய்க் கேளு."

மாமி அதைத் தண்ணீரில் முக்கி அடை தெளிய வைக்க இருந்தாராம். முட்டையிடாத கோழிக்கு எதற்குத் தீனி என்று. காற்று அடித்ததால் அது தப்பித்தது. வெறும் கடவத்தில் உட்கார்ந்திருந்தது.

ஒரு கோழியால் பன்னிரண்டு முட்டையைத்தான் மூட முடியும். என்னிடம் பத்தொன்பது. எந்த ஏழை விடுவது? ஒவ்வொன்றாக டார்ச் அடித்து, அசைவு தெரிந்தவற்றை எடுத்தேன். அப்புறம் எதிலும் அசைவு தெரியவில்லை. மீதியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

சில கிலோமீட்டர் தள்ளி, கடற்கரையில் ஜனங்கள் திரும்பி வராத படகுகளுக்காகக் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் முட்டையைப் பற்றி வெளியே யாரிடமும் பேச வெட்கமாக இருந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆனது.

டிசம்பர் 7இல் பொரிக்க வேண்டியவை, 8ஆம் தேதிதான் பொரித்தன. குளிர்ந்ததில் ஒரு நாள் பிந்திவிட்டது. பன்னிரண்டில் எட்டு. பெட்டியில் விட்ட ஏழும் போயின.

பாட்டி 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. குஞ்சுகளை இறகுக்குள் இழுத்துக்கொண்ட கோழியைப் பார்த்து, "அதுக்கு எண்ணத் தெரியாது. எத்தன வச்சாலும், யாருக்கதா இருந்தாலும், தனக்கதுண்ணுதான் நெனைக்கும்" என்றாள்.

நான் இன்றும் இன்குபேட்டர் வைத்திருக்கிறேன். இப்போது அதில் பேட்டரியும் உண்டு. ஆனாலும் வீட்டில் எப்போதும் அடை கிடக்கிற ஜாதியில் இரண்டு கோழிகளை விற்காமல் வைத்திருக்கிறோம். அடை வந்தால் முக்குவதில்லை.