கண்ணின் மின்சாரம்

கண்ணில் ஒளி படுகிறது, நாம் காண்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையே விழித்திரையில் நுண்ணிய மின்மாற்றம் ஒன்று நிகழ்கிறது. அதனை நோய் காணும் கருவியாக மாற்ற மனிதனுக்கு எண்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

1849-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் எமில் டு புவா ரேமோன், மீனின் கண்ணில் மின்னழுத்தம் இருப்பதைக் கண்டார். 1865-இல் சுவீடன் நாட்டு ஹோல்ம்கிரென், தவளையின் கண்ணில் ஒளி விழும்போது அவ்வழுத்தம் மாறுவதைக் கண்டார். ஆயின், உயிருள்ள மனிதரின் கண்ணில் இதனை அளப்பது எங்ஙனம்? வெந்நீரைச் சூடு ஆறாமல் காக்கும் வெற்றிடக் குடுவையைப் பின்னாளில் அமைத்த ஜேம்ஸ் டூவார், 1877-இல் அதனையும் செய்து காட்டினார். கண்ணைச் சுற்றிச் சிறு தொட்டிபோல் அமைத்து, உப்புநீர் நிரப்பி அளந்தார். நோயாளிகளுக்கு ஏற்ற முறையன்று அது.

1941-இல் அமெரிக்கரான லோரின் ரிக்ஸ், விழிமேல் பொருந்தும் வில்லையிலேயே மின்வாயைப் பதித்தார். வழி திறந்தது. 1945-இல் ஸ்டாக்ஹோம் மருத்துவர் யோஸ்டா கார்ப்பே, நோயாளிகள் பலரின் கண்களை இம்முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வையைச் சிறுகச் சிறுகக் குறுக்கும் பரம்பரை விழித்திரை நோயில், ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும்போதே மின்னலை அடங்கிவிடுவதை அவர் கண்டார்.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். கண்புரை மூடிய விழியினுள் மருத்துவர் பார்க்க இயலாது. பச்சிளங் குழந்தையோ தன் குறையைச் சொல்லாது. அவ்விடத்தில் விழித்திரையின் மின்னலையே சான்று கூறுகிறது.

ஆனால் இச்சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு. பார்வை நரம்பு பழுதுற்றிருப்பினும் விழித்திரை ஒளிக்கு விடையளிக்கக்கூடும். தந்தி அனுப்பியாயிற்று, கம்பி அறுந்தது யாருக்குத் தெரியும்? ஆகவே, செய்தி சேருமிடமாகிய மூளையில் அளக்க வேண்டியதாயிற்று. 1972-இல் லண்டனில் ஹாலிடே, மெக்டொனால்ட், முஷின் ஆகிய மூவர், சதுரங்கக் கட்டம்போன்ற உருவை நோயாளிக்குக் காட்டி, பின்தலையில் எழும் மின்னலையைப் பதிந்தனர். பார்வை நரம்பு அழற்சி கண்டவரிடம் அது தாமதமாகவே வந்தது; பார்வை தெளிந்த பின்னரும் அத்தாமதம் நீடித்தது. மறைந்துவிட்டதாக எண்ணிய நோயின் தடம் அங்கே இருந்தது.

மின்பதிவு நோயைத் தீர்ப்பதில்லை. பழுது எங்கே என்று காட்டுகிறது. இடமறிந்த பின்னரன்றோ மருந்து தேட முடியும்? தவளையின் கண்ணை ஆராய்ந்த ஹோல்ம்கிரென் இந்நோயாளிகளைக் கண்டதில்லை. எனினும் அவர்களுக்குக் கிட்டிய உதவி, அவருடைய ஆய்வுமேசையில் தொடங்கியதே.