கொன்றவனின் பெயர்

1948 ஜூன் 16. நம் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. தாக்கியோரை ஆங்கிலேய அரசு ‘கொள்ளையர்’ என்றே குறிப்பிட்டது. 1952இல்தான் ‘கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள்’ என மாற்றியது. எதிரிக்கு வழங்கும் பெயரும் போரின் ஒரு பகுதியே.

2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், அக்கொடுமையை நேரலையாகப் பரப்பினான். அவன் பெயரை உச்சரியேன் என்றார் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன். ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டில் எல் பாசோவில் 23 பேரைக் கொன்றவன், அவனை ஆதரித்து எழுதியிருந்தான்.

அக்காணொளியை என் மாணவன் ஒருவன் கைப்பேசியில் வைத்திருக்கக் கண்டு திகைத்தேன். ஆசிரியர்களே, பெற்றோர்களே! வரலாற்றை மறைக்க வேண்டா. கொன்றவனை விடுத்து, மாண்டோரைப் பற்றிப் பேசுவோம்.