சிகாகோ, அறை எண் 711: ரோட்டரி கிளப்ல யாருக்கு இடம்?

சிகாகோன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது 1893, விவேகானந்தர், சர்வ சமய மாநாடு. அவரை அனுப்பி வைக்க மெட்ராஸ்ல அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் நிதி திரட்டின கதை தனி எபிசோடுக்கான விஷயம். இன்னைக்குக் கதை அதுக்கு 12 வருஷம் கழிச்சு, அதே ஊர்ல, ஒரு சின்ன ஆபீஸ் ரூம்ல தொடங்குது.

அங்கே பிறந்த அமைப்போட சின்னத்தை நீங்க பார்க்காம இருந்திருக்கவே முடியாது. பஸ் ஸ்டாப் நிழற்குடை, இலவசக் கண் சிகிச்சை முகாம் பேனர், சில ஊர்கள்ல எரிவாயு தகன மேடையோட நுழைவாயில், எல்லாத்துலயும் இருக்கிற அந்தப் பல்சக்கரம். ரோட்டரி கிளப். சின்ன வயசுல உங்க வாயில விட்ட போலியோ சொட்டு மருந்துக்குப் பின்னாடியும் அவங்க இருந்தாங்க. 1985-ல போலியோ ஒழிப்பைத் தங்களோட உலகளாவிய வேலையா எடுத்துக்கிட்டாங்க. நம்ம காலேஜ்ல ரோட்டராக்ட் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு ரத்ததான முகாம் நடத்தின கூட்டமும் அவங்க கிளைதான்.

அதனால ரோட்டரின்னா சேவை அமைப்புன்னுதான் நமக்குத் தெரியும். ஆனா அது சேவைக்காகத் தொடங்கின அமைப்பு இல்லை. தனிமைக்காகத் தொடங்கினது.

பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல். 1868-ல பிறந்தவர், வெர்மான்ட் மாநிலத்துல வாலிங்ஃபோர்டுங்கிற கிராமத்துல தாத்தா பாட்டிகிட்ட வளர்ந்தவர். 1891-ல சட்டப் படிப்பை முடிச்சதும் நேரா கோர்ட்டுக்குப் போகலை. அஞ்சு வருஷம் ஊர் சுத்தினார். பத்திரிகை நிருபர், பழம் பறிக்கிற கூலி, ஹோட்டல்ல நைட் கிளார்க், மார்பிள் கம்பெனி சேல்ஸ்மேன், இங்கிலாந்துக்கு மாடு ஏத்திக்கிட்டுப் போன கப்பல்ல வேலை. நம்ம வீட்ல இதைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

1896-ல சிகாகோவுல வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அப்போ அந்த ஊரோட மக்கள்தொகை கிட்டத்தட்ட 17 லட்சத்தை நெருங்கிக்கிட்டிருந்தது. பெரும்பாலானவங்க வேற எங்கிருந்தோ வந்தவங்க. ஹாரிஸுக்குக் கட்சிக்காரங்க கிடைச்சாங்க, நண்பர்கள் கிடைக்கலை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும்தான் ரொம்பக் கொடுமைன்னு பின்னாடி எழுதினார். துரைப்பாக்கத்துலயோ பெல்லந்தூர்லயோ பிஜி ரூம்ல ஞாயிறு மத்தியானத்தைத் தள்ளினவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1900-ல ஒருநாள் இன்னொரு வக்கீல் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடிச்சு ரெண்டு பேரும் அந்தப் பேட்டையில நடந்து போனாங்க. ஒவ்வொரு கடை முன்னாடியும் நண்பர் நின்னு, கடைக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார். ஹாரிஸுக்கு வாலிங்ஃபோர்டு ஞாபகம் வந்துடுச்சு. பெரிய நகரத்துக்குள்ள ஒரு கிராமத்தைச் செய்ய முடியுமாங்கிற யோசனை அங்கிருந்து வந்தது. செய்து பார்க்க அஞ்சு வருஷம் எடுத்துக்கிட்டார்.

1905 பிப்ரவரி 23, டியர்பார்ன் தெரு, யூனிட்டி பில்டிங், அறை எண் 711. நாலு பேர். ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலி, தையற்கடை வச்சிருந்த ஹைரம் ஷோரி, அந்த ரூமோட சொந்தக்காரர் கஸ்டவஸ் லோர். லோர் ஒரு சுரங்கப் பொறியாளர். கொஞ்ச நாள்லயே அவரும் ஷோரியும் விலகிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தர் ஆபீஸ்ல மாத்தி மாத்திச் சந்திச்சதால 'ரோட்டரி'ன்னு பேர் வந்தது.

ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்ங்கிறது விதி. ஒரு வக்கீல், ஒரு டெய்லர், ஒரு பிரிண்டர். போட்டி இருக்காது, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் முதல் பேர்லதான் கூப்பிடணும். பிரிண்டர் ஹாரி ரகிள்ஸ் அடுத்து வந்து சேர்ந்தவர். யாரோ கொஞ்சம் அசிங்கமான ஜோக் ஒண்ணை ஆரம்பிச்சப்போ இவர் துள்ளி எழுந்து, வாங்க பாடலாம்னு எல்லாரையும் பாட வச்சு அதை அமுக்கிட்டாராம். கிளப் கூட்டத்துல பாடுற வழக்கம் அப்படித்தான் வந்ததுன்னு ரோட்டரிக்காரங்க சொல்றாங்க.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருந்தது. முதல் சட்டதிட்டத்துல ரெண்டே நோக்கம்: ஒண்ணு உறுப்பினர்களோட வியாபார நலன், இன்னொண்ணு தோழமை. உறுப்பினர்களுக்குள்ள நடந்த கொடுக்கல் வாங்கலைக் குறிச்சு வைக்க ஒரு புள்ளிவிவர அதிகாரியே இருந்தார். யார் யார்கிட்ட கோட் தைச்சாங்க, யார் யாருக்கு நிலக்கரி ஆர்டர் கொடுத்தாங்க, எல்லாம் கணக்குல இருக்கும். நம்ம பாஷையில ரெஃபரல் டிராக்கர். எனக்கு இதுல பெரிய குறை தெரியலை. மனசுல இருந்ததை மறைக்காம எழுதி வச்சாங்களேன்னுதான் தோணுது. இந்த வியாபார விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, 80 வருஷம் கழிச்சு அது கோர்ட்ல திரும்பி வரும்.

1906-ல டொனால்ட் கார்ட்டர்னு ஒரு காப்புரிமை வக்கீலைச் சேரச் சொன்னாங்க. அவர் சட்டதிட்டத்தைப் படிச்சுட்டு முடியாதுன்னுட்டார். தனக்காக மட்டும் இருக்கிற கிளப் நிலைக்காது, ஊருக்கு ஏதாவது செய்யணும்னார். சரி, நீங்களே வந்து திருத்தத்தை எழுதுங்கன்னு கூப்பிட்டாங்க. அவரும் வந்தார். சிகாகோ நகரத்தோட நலன் மூணாவது நோக்கமாச்சு. நம்ம பார்க்கிற கண் முகாம் எல்லாத்துக்கும் வேர், உறுப்பினரா இல்லாத ஒருத்தர் சொன்ன மறுப்புதான்.

முதல் பெரிய வேலை பொதுக் கழிப்பறை. வேலையா டவுனுக்கு வர்றவங்க ஒதுங்க அங்கே இடமே கிடையாது. 1907-ல ரோட்டரி மத்த அமைப்புகளையும் சேர்த்துக்கிட்டு மாநகராட்சியை நெருக்க ஆரம்பிச்சது. எதிர்ப்பு ரெண்டு பக்கமும் வந்தது. ஆண்களுக்குத்தான் எங்க சாராயக்கடையில வசதி இருக்கேன்னு பீர் கம்பெனிக்காரங்க. பெண்களுக்கு எங்க கடையில இருக்கேன்னு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்காரங்க. குடிக்காதவன், எதுவும் வாங்காதவள் எங்கே போறதுங்கிற கேள்விக்கு ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்லை. 1909-ல கழிப்பறை திறந்தது. பெண்கள் கடைக்குள்ள போகாமலே ஒதுங்க ஒரு இடம் வேணும்னு போராடின அந்தக் கிளப்புக்குள்ள ஒரு பெண் நுழைய இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆகும்.

அதுக்குள்ள கிளப் பரவிடுச்சு. 1908-ல சான் பிரான்சிஸ்கோ, 1910-ல 16 கிளப், 1920-ல கல்கத்தா, 1929-ல மெட்ராஸ். இத்தனை ஊர்க்காரங்களையும் இணைச்சது செய்தி. 1911 ஜனவரியில 'தி நேஷனல் ரோட்டேரியன்' பத்திரிகை வந்தது. ஆசிரியர் செஸ்லி பெர்ரி, சிகாகோ பொது நூலகத்துல வேலை பார்த்தவர். ஊர் ஊருக்குக் கிளப் புல்லட்டினும் வந்தது. இந்த வாரம் யார் பேசினாங்க, யாருக்குப் பிறந்தநாள், யார் ஆஸ்பத்திரியில இருக்காங்க, வருகை எத்தனை சதவீதம். படிக்க சலிப்பாத்தான் இருக்கும். ஆனா கிராமத்துத் திண்ணையில காதுவழியாப் போற சேதியெல்லாம் இதுதானே? நகரத்துக்கு வந்தவங்க அதை அச்சடிச்சுப் படிச்சாங்க.

சின்னதா ஒரு விலகல். அந்தப் பல்சக்கரச் சின்னத்தோட நடுவுல ஒரு சின்ன வெட்டு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? ஆரம்பத்துல அது இல்லை. சக்கரம் ஷாஃப்டோட பிணையலைன்னா சும்மா சுத்தும், சக்தியைக் கடத்தாதுன்னு விஷயம் தெரிஞ்சவங்க புகார் சொல்லி, பின்னாடி கீவே சேர்த்தாங்க. லோகோவுக்கே பக் ரிப்போர்ட்!

இப்போ 1977, கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல டுவார்ட்டேன்னு ஒரு சின்ன ஊர். அங்கே ரோட்டரி கிளப்ல ஆள் குறைஞ்சுக்கிட்டே வந்தது. அவங்க மூணு பெண்களை உறுப்பினராச் சேர்த்துட்டாங்க. தலைமையகம் விதியைக் காட்டி 1978-ல கிளப்போட அங்கீகாரத்தையே பறிச்சது. டுவார்ட்டேக்காரங்க கலையலை. 'முன்னாள் ரோட்டரி கிளப்'னு பேர் வச்சுக்கிட்டு வாராவாரம் கூடினாங்க. ரெண்டு பெண் உறுப்பினர்களும் கிளப்பும் சேர்ந்து வழக்குப் போட்டாங்க.

தலைமையகத்தோட வாதம் என்ன? தோழமை! ஆண்கள் மட்டும் இருக்கிறதால வர்ற ஒருவித நெருக்கம் போயிடும்னு ரோட்டரியோட பொதுச்செயலாளரே சாட்சி சொன்னார். பல கலாசாரம் உள்ள வெளிநாடுகள்ல வேலை செய்யவும் இந்த விதி உதவுதுன்னார். அந்த வெளிநாடுகள்ல நாமும் உண்டுன்னுதான் நான் எடுத்துக்கிறேன். இங்கே மனைவிமாருக்கு இன்னர் வீல்னு தனி வண்டி ஓடிக்கிட்டிருந்தது.

முதல் கோர்ட் தலைமையகம் பக்கம். வியாபாரப் பலன் எல்லாம் தற்செயல்னு சொல்லிடுச்சு. 1986-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. வியாபாரக் காரணம் பலரையும் உள்ளே இழுக்குது, பலனும் நிஜமாக் கிடைக்குது, அதனால கலிஃபோர்னியா சிவில் உரிமைச் சட்டப்படி இது வணிக நிறுவனம், பெண்களை ஒதுக்க முடியாதுன்னு தீர்ப்பு. 1905-ல குறிச்சு வச்ச அதே கொடுக்கல் வாங்கல்!

வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. 1987 மே 4, ஏழுக்குப் பூஜ்யம்னு டுவார்ட்டே ஜெயிச்சது. நீதிபதி லூயிஸ் பாவெல் எழுதின தீர்ப்புல எனக்குப் பிடிச்ச இடம், அந்தத் தோழமை வாதத்தை அவர் கையாண்ட விதம். குடும்பம் மாதிரி அந்தரங்கமான உறவுக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு, ஒத்துக்கிறார். ஆனா இது அப்படியான்னு பார்க்கிறார். 20 பேர்கூட இல்லாத கிளப் இருக்கு, 900 பேருக்கு மேல உள்ள கிளப்பும் இருக்கு. எந்த ஊர் ரோட்டரிக்காரர் வந்தாலும் கூட்டத்துல உட்கார இடம் தரணும். வெளியாட்களைக் கூட்டிட்டு வாங்கன்னு ஊக்கம் தர்றாங்க. பத்திரிகைகள்ல செய்தி வர முயற்சி பண்ணச் சொல்றாங்க. கதவையும் ஜன்னலையும் உலகத்துக்குத் திறந்து வைக்கணும்னு அவங்களோட சொந்தக் கையேடே சொல்லுது. அப்புறம் இதுல என்ன அந்தரங்கம்?

80 வருஷமா செய்தி போட்டு, விருந்தாளியைக் கூப்பிட்டு வளர்ந்த கிளப், இது எங்க வீட்டு விஷயம்னு சொன்னா எடுபடாது. ஹாரிஸுக்கு வேண்டியிருந்தது ஒரு கிராமம். கிராமத்துல பாதிப் பேர் பெண்கள்ங்கிறதை அந்த அமைப்புக்குக் கோர்ட் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

டுவார்ட்டே கிளப் அந்த ஜூலையிலேயே சில்வியா விட்லாக்கைத் தலைவராக்கியது. ரோட்டரி வரலாற்றுல ஒரு கிளப்புக்குத் தலைவரான முதல் பெண் அவர். 1989-ல ரோட்டரியோட சட்டசபை, ஆண்கள் மட்டும்ங்கிற விதியை உலகம் முழுக்க எடுத்துடுச்சு. 2022-ல கனடாவோட ஜெனிஃபர் ஜோன்ஸ் உலகத் தலைவர் பொறுப்புக்கு வந்தாங்க, அந்த நாற்காலியில முதல் பெண்.

ஹாரிஸ் 1947 ஜனவரியில இறந்தார். சிகாகோ மவுண்ட் ஹோப் கல்லறையில அவரை அடக்கம் பண்ணினாங்க. பக்கத்திலேயே, கொஞ்ச காலம் முன்னாடி இறந்த அந்த நிலக்கரி வியாபாரி ஷீலி.