ஈராக்கில் போர், கல்பாக்கத்துக்குக் கதவு திறப்பு: அமெரிக்காவின் 'நியோகான்' சித்தாந்தம் என்ன செய்தது? - முழு விளக்கம்

மாமல்லபுரத்தில் இருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கடலோர ஊரில்தான் சென்னை அணுமின் நிலையமும், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன.

2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தகத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தங்கள் நாட்டு நிறுவனங்கள் சிறப்பு அனுமதி இல்லாமல் தொழில்நுட்பப் பொருட்களை விற்கக் கூடாத வெளிநாட்டு அமைப்புகளின் பட்டியல் ஒன்றை அமெரிக்கா வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்து 3 இந்திய அமைப்புகளை நீக்கியது. பாபா அணு ஆராய்ச்சி மையம், இந்திய அரிய மணல் நிறுவனம் ஆகியவற்றோடு மூன்றாவதாக இருந்தது கல்பாக்கத்தின் இந்திரா காந்தி மையம்.

1998-ல் வந்த தடை 2025-ல்தான் விலகியது. இடையில் எத்தனையோ அதிபர்கள் மாறினார்கள். ஆனால் உண்மையான திருப்பம் 2005-ல் நடந்தது. அந்தத் திருப்பத்துக்குப் பின்னால், அப்போது வாஷிங்டனில் செல்வாக்கோடு இருந்த ஒரு சித்தாந்தத்துக்கும் பங்கு உண்டு. அதன் பெயர் நியோகன்சர்வேடிசம். தமிழில் நவ பழமைவாதம். சுருக்கமாக 'நியோகான்'.

அது என்ன? கல்பாக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

முதலில் கதவு ஏன் மூடியது?

1974 மே 18. ராஜஸ்தானின் பொக்ரானில் இந்தியா முதல் அணுகுண்டு சோதனையை நடத்தியது. அதற்கான புளூட்டோனியம் கிடைத்தது, கனடா கட்டித் தந்து, அமெரிக்கா கனநீர் கொடுத்த சைரஸ் ஆராய்ச்சி உலையில் இருந்து. "அமைதிப் பயன்பாட்டுக்குக் கொடுத்ததை குண்டு செய்யப் பயன்படுத்திவிட்டார்கள்" என்பது அந்த நாடுகளின் கோபம்.

கனடா ஒத்துழைப்பை நிறுத்தியது. அணுப் பொருட்களை விற்கும் நாடுகள் சேர்ந்து, என்.எஸ்.ஜி. என்ற விநியோக நாடுகள் குழுவை உருவாக்கின. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் காலத்தில் அமெரிக்கா ஒரு சட்டமே கொண்டுவந்தது. ஒரு நாடு தன்னுடைய எல்லா அணு நிலையங்களையும் சர்வதேச ஆய்வுக்குத் திறந்துவிட்டால்தான் எரிபொருள் என்றது அந்தச் சட்டம். மும்பை அருகே உள்ள தாராப்பூர் நிலையத்துக்கான அமெரிக்க யுரேனியம் இதில் சிக்கியது.

இதுவும் ஒரு கொள்கைதான். 'யார் என்று பார்க்க மாட்டோம், விதி எல்லோருக்கும் ஒன்று' என்பது அணு ஆயுதப் பரவல் தடை தரப்பின் வாதம். அந்த விதியை எழுதியது 1968-ல் கையெழுத்தான என்.பி.டி. ஒப்பந்தம். அதன்படி 1967 ஜனவரி 1-க்கு முன் குண்டு வெடித்த 5 நாடுகளுக்கு மட்டுமே 'அணு ஆயுத நாடு' அந்தஸ்து. மற்றவர்களுக்குக் கிடையாது. இது பாரபட்சம் என்று சொல்லி இந்தியா கையெழுத்துப் போடவில்லை.

கல்பாக்கத்தில் என்ன நடந்தது?

அப்போது கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு உதவி கிடைக்காத நிலையில், பெரும்பாலும் உள்நாட்டுத் தயாரிப்புகளை வைத்தே வேலை முடிந்தது. முதல் அலகு 1984 ஜனவரியிலும், இரண்டாவது அலகு 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை பிரான்ஸ் நாட்டு வடிவமைப்பை ஒட்டியது. அதற்குச் செறிவூட்டப்பட்ட யுரேனியம் பிரான்சில் இருந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள். 1974-க்குப் பிறகு வரவில்லை. விஞ்ஞானிகள் வேறு வழி தேடினார்கள். புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை இங்கேயே உருவாக்கினார்கள். அதுவரை வேறு எந்த நாடும் அதை ஓர் உலையின் முக்கிய எரிபொருளாகப் பயன்படுத்தியது இல்லை. 1985 அக்டோபரில் அந்த உலை இயங்கத் தொடங்கியது.

ஈனுலை என்றால் என்ன? மின்சாரம் தயாரிக்கும்போதே, எரிப்பதைவிட அதிகமான எரிபொருளை உருவாக்கக்கூடிய உலை. யுரேனியம் குறைவாகவும் தோரியம் நிறையவும் இருக்கும் இந்தியாவுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆக, கதவை மூடியதால் வேலை தாமதமானது. ஆனால் நிற்கவில்லை. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் இதுதான் கைகொடுத்தது.

நியோகான் என்றால் யார்?

1960, 70-களில் அமெரிக்காவில் இடதுசாரி, தாராளவாத முகாம்களில் இருந்த சில அறிவுஜீவிகள் அங்கிருந்து விலகினார்கள். சோவியத் யூனியனிடம் அமெரிக்கா மென்மையாக நடக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இர்விங் கிறிஸ்டல், நார்மன் பொடோரட்ஸ் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். அடுத்த தலைமுறையில் வில்லியம் கிறிஸ்டல், ராபர்ட் கேகன், பால் உல்ஃபோவிட்ஸ், ரிச்சர்ட் பெர்ல் ஆகிய பெயர்கள் வந்தன.

இவர்களின் கருத்தை நான்கு வரியில் சொல்லலாம்:

• அமெரிக்காவின் ராணுவ பலம் உலகுக்கு நல்லது. அதைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது.
• ஜனநாயகத்தைப் பரப்புவது தர்மம் மட்டுமல்ல, அமெரிக்காவின் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.
• ஐ.நா.வும் ஒப்பந்தங்களும் அமெரிக்காவின் கையைக் கட்டக் கூடாது.
• ஒரு நாட்டிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்பதைவிட, அங்கே எப்படிப்பட்ட ஆட்சி நடக்கிறது என்பதே முக்கியம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். கார்ட்டர் காலத்துச் சட்டத்துக்கு நேர் எதிர் இது. அங்கே 'விதி எல்லோருக்கும் ஒன்று'. இங்கே 'நண்பனா, எதிரியா, ஜனநாயகமா, சர்வாதிகாரமா' என்பதுதான் கேள்வி.

ஒரே சித்தாந்தம், இரண்டு விளைவு

1997-ல் இவர்கள் 'புதிய அமெரிக்க நூற்றாண்டுக்கான திட்டம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சதாம் உசேனை அதிகாரத்தில் இருந்து அகற்ற வேண்டும் என்று 1998 ஜனவரியில் அதிபர் கிளிண்டனுக்குக் கடிதம் எழுதினார்கள். ஜார்ஜ் புஷ் அதிபரானதும் உல்ஃபோவிட்ஸ் பாதுகாப்புத் துறை துணை அமைச்சரானார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இந்தத் தரப்பின் குரல் ஓங்கியது. 2003 மார்ச்சில் ஈராக் மீது போர் தொடங்கியது. காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்தப் போருக்கு இந்தியப் படையை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது. 2003 ஜூலையில் வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது.

ஆனால் அதே புஷ் நிர்வாகம்தான் 2005 ஜூலை 18-ல் பிரதமர் மன்மோகன் சிங்கோடு ஒரு கூட்டறிக்கை வெளியிட்டது. என்.பி.டி.யில் கையெழுத்திடாத, இரண்டு முறை குண்டு வெடித்த நாட்டுக்கு அணுசக்தி ஒத்துழைப்பு என்றது அது. பெரிய ஜனநாயக நாடு, பொறுப்பான நாடு என்பது வாதம். அதே சமயத்தில் ஐ.நா. ஜனநாயக நிதி தொடங்கப்பட்டது. இந்தியா அதற்கு 1 கோடி டாலர் கொடுத்தது.

ஈராக்கைத் தாக்குவதற்கும் இந்தியாவுக்கு விலக்கு தருவதற்கும் ஒரே அளவுகோல்தான். இல்லாத ஆயுதத்துக்காக ஒரு நாடு தண்டிக்கப்பட்டது. இருக்கும் ஆயுதத்தோடு இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அப்படின்னா இந்த ஒப்பந்தம் முழுக்க நியோகான்கள் வேலையா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது பாதி உண்மைதான்.

ஒப்பந்தத்தை முன்னெடுத்த வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸும், பேச்சுவார்த்தையை நடத்திய நிக்கோலஸ் பர்ன்ஸும் நியோகான் முகாமைச் சேர்ந்தவர்கள் அல்ல. சீனாவின் வளர்ச்சிக்கு ஆசியாவில் ஓர் ஈடு வேண்டும் என்ற கணக்கு இருந்தது. அணு உலைகளை விற்கலாம் என்ற வியாபார ஆசையும் இருந்தது. அமெரிக்க வாழ் இந்தியர்களின் முயற்சியும் சேர்ந்தது. 2008 அக்டோபர் 1-ல் செனட்டில் 86-க்கு 13 என்ற கணக்கில் ஒப்பந்தம் நிறைவேறியபோது, ஆதரித்து வாக்களித்தவர்களில் ஒபாமாவும் ஜோ பைடனும் உண்டு.

ஆனால் 30 ஆண்டுகால விதியை உடைக்க ஒரு நியாயம் தேவைப்பட்டது. 'ஜனநாயக நாட்டின் கையில் இருக்கும் குண்டு வேறு' என்ற நியாயத்தை அரசியல் மேடையில் சொல்லக்கூடியதாக மாற்றியதில் இந்தச் சித்தாந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கல்பாக்கம்தான் பெரிய இழுபறி

ஒப்பந்தத்தின் நிபந்தனை இது: இந்தியா தன் அணு நிலையங்களை சிவில், ராணுவம் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். சிவில் பக்கம் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு வரும்.

கல்பாக்கத்தின் ஈனுலைகளும் கண்காணிப்புக்குள் வர வேண்டும் என்று அமெரிக்கத் தரப்பு விரும்பியது. அணுசக்தித் துறையின் அப்போதைய செயலாளர் அனில் ககோட்கர் 2006 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எதிர்ப்பு தெரிவித்தார். கடன் வாங்காமல் நாமே உருவாக்கிய தொழில்நுட்பத்தை ஏன் திறந்து காட்ட வேண்டும் என்பது விஞ்ஞானிகள் தரப்பின் கேள்வி.

2006 மார்ச் 2-ல் புஷ் டெல்லிக்கு வந்தபோது முடிவு எட்டப்பட்டது. மொத்தம் 22 மின் உலைகளில் 14 கண்காணிப்புக்கு வரும். கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும், சோதனை ஈனுலையும், அப்போது கட்டுமானத்தில் இருந்த 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையும் வெளியே இருக்கும்.

கதவு மூடியிருந்த 30 ஆண்டுகளில் கற்றதுதான், கதவு திறந்தபோது பேரம் பேசும் பலத்தைக் கொடுத்தது.

இதற்கு விலையும் இருந்தது. கண்காணிப்பில் இருக்கும் உலைகளுக்கு மட்டுமே இறக்குமதி யுரேனியம் கொடுக்கலாம். கல்பாக்கத்தின் இரு மின் உலைகளுக்கும் உள்நாட்டு யுரேனியம்தான்.

அரசியல் விலை என்ன?

2005 செப்டம்பரிலும் 2006 பிப்ரவரியிலும் சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. அமெரிக்காவின் அழுத்தம்தான் காரணம் என்று இடதுசாரிகள் குற்றம்சாட்டினார்கள். ஒப்பந்தத்தை எதிர்த்து 2008 ஜூலையில் அரசுக்கான ஆதரவையும் விலக்கிக்கொண்டார்கள். ஜூலை 22-ல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், திமுக இடம்பெற்ற ஐக்கிய முற்போக்கு கூட்டணி அரசு 275-க்கு 256 என்ற கணக்கில் தப்பியது. செப்டம்பர் 6-ல் என்.எஸ்.ஜி. விலக்கு கிடைத்தது. அக்டோபர் 10-ல் பிரணாப் முகர்ஜியும் காண்டலீசா ரைஸும் 123 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

வெளிநாட்டு யுரேனியம் வந்தது. ஆனால் எதிர்பார்த்த அமெரிக்க உலைகள் வரவில்லை. ஆந்திராவின் கொவ்வாடா திட்டம் ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தையிலேயே நின்றது. விபத்து நடந்தால் உலையை விற்ற நிறுவனமும் பொறுப்பு என்ற 2010 சட்டம் இதற்கு முக்கியக் காரணம்.

கண்காணிப்புக்கு வெளியே என்றால் பாதுகாப்பு இல்லையா?

புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பகுதி மக்களுக்கு இயல்பாகவே வரக்கூடிய சந்தேகம் இது. இரண்டும் வேறு வேறு.

சர்வதேச முகமையின் இந்தக் கண்காணிப்பு, அணுப்பொருள் குண்டு தயாரிக்கத் திருப்பிவிடப்படுகிறதா என்று கணக்குப் பார்ப்பது. உலை பாதுகாப்பாக ஓடுகிறதா என்று பார்ப்பது அல்ல. அந்தப் பொறுப்பு இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துடையது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் குடியிருப்பும், ஈனுலையின் கட்டுமானக் குழியும் பாதிக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருந்த மின் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அந்த மாதிரிக் கேள்விகளை டெல்லியிடமும் மும்பையிடமும்தான் கேட்க வேண்டும், வாஷிங்டனிடம் அல்ல.

இப்போது நியோகான்கள் எங்கே?

ஈராக் போரின் தோல்வி அவர்களின் செல்வாக்கைக் குறைத்தது. டிரம்ப்பின் 'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' கொள்கை அதை மேலும் ஓரங்கட்டியது. கிறிஸ்டல், கேகன் போன்றவர்கள் டிரம்ப்பின் விமர்சகர்களாக மாறினார்கள்.

புதிய கொள்கையில் ஜனநாயக நாடு என்பதற்குத் தனிச் சலுகை இல்லை. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி அமலானது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காக. இந்திய இறாலை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா என்பதால், அந்த அடி கடலோரத் தொழில்களுக்கு உடனே தெரிந்தது.

இந்தியாவும் ஒரே பக்கம் சாய்ந்துவிடவில்லை. சீனாவுக்கு ஈடாக இந்தியா என்று வாஷிங்டன் கணக்குப் போட்டிருந்த அதே நேரத்தில், 2019 அக்டோபர் 11-ல் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பார்த்தார்கள். கல்பாக்கத்தில் இருந்து கூப்பிடு தூரம் இல்லை என்றாலும், அரை மணி நேரப் பயணம்தான்.

சுருக்கமாக...

• 1974-க்குப் பிறகு 'விதி எல்லோருக்கும் ஒன்று' என்ற கொள்கை கதவை மூடியது.
• 2005-ல் 'யார் கையில் ஆயுதம் என்பதே முக்கியம்' என்ற பார்வை, சீனக் கணக்கோடும் வியாபாரக் கணக்கோடும் சேர்ந்து கதவைத் திறந்தது.
• அதே பார்வை ஈராக்கை நாசமாக்கியது.
• கல்பாக்கத்தின் ஈனுலைகள் கண்காணிப்புக்கு வெளியே நின்றதற்குக் காரணம் அமெரிக்காவின் கருணை அல்ல. இங்கே நடந்த வேலை.

வாஷிங்டனில் சித்தாந்தங்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறலாம். 1998-ல் விழுந்த ஒரு பெயர் பட்டியலில் இருந்து எழ 27 ஆண்டுகள் ஆகியிருக்கிறது. திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதுதான் கல்பாக்கம் சொல்லும் பாடம்.