பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் மணவாளக்குறிச்சி மணலும்

சித்தூர் வட்டாரத்துப் பாரதக் கூத்துக் களங்களில் ஒரு காலத்தில் விடிய விடிய எரிந்த பெட்ரோமாக்ஸின் வெண்ணொளிக்கு மூலம் தோரியம் நைட்ரேட் என்னும் கதிரியக்க உப்பு. 1891இல் ஆவர் வான் வெல்ஸ்பாக் வகுத்த கலவையில் 99 பங்கு தோரியம் உப்பு, ஒரு பங்கு சீரியம் உப்பு. அந்த ஒரு பங்கு இல்லையேல் ஒளி மங்கிவிடும். கரைசலில் தோய்த்த நூல்வலை முதல் எரிப்பிலேயே கருகிவிட, ஏறத்தாழ 3300 பாகை செல்சியஸ் வரை உருகாத ஆக்சைடுக் கூடு எஞ்சும். விரல் பட்டாலோ பொடியாகும்.

1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டறிந்தவர் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர். திருவிதாங்கூர் மணல் ஜெர்மனிக்குக் கப்பலேறியது. டிராம்பேயில் தோரியம் ஆலை இயங்கியது 1955இல்தான். ‘மேண்டில்’ என்ற கடன்சொல்லில் தோரியத்தின் சுவடே இல்லை; பழைய கூட்டை ஊதி உதிர்த்தவர் மூச்சில் கலந்ததோ அதன் தூசி.