தூய்மையின் அளவுகோலும் நிலத்தின் எதிர்காலமும்: பெருங்குடிக் குப்பைமேட்டை முன்வைத்து

மாசடைந்த நிலத்தைச் சுத்திகரித்து மக்களின் பயன்பாட்டுக்குத் திருப்பும் திட்டங்களில் சுத்திகரிப்பு முதலில் நடக்கிறது. நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பது பின்னர் முடிவாகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். மண்ணில் எவ்வளவு நச்சு எஞ்சலாம் என்ற அளவு, அந்நிலம் வீடாகுமா, பூங்காவாகுமா, நீர்நிலையாகுமா என்பதைப் பொறுத்தே அமைய முடியும். ஆகவே இறுதிப் பயன்பாட்டை முன்கூட்டியே பொதுவெளியில் தீர்மானிக்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும்போது நிலத்தின் சர்வே எல்லையைப் பார்த்தால் போதாது. அதன் நீர் போகும் வழியையும் பார்க்க வேண்டும்.

கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை இதற்கு முதல் சான்று. 2001-இல் ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆனால் ஆலை வளாகத்து மண்ணின் கதை அதோடு முடியவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாம் என்ற இலக்கு ஏற்கப்பட்டபோது, பாம்பார் சோலைக் காட்டை ஒட்டிய சரிவுக்கு அது பொருந்துமா என்று எதிர்ப்பு எழுந்தது. பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. எதிர்ப்பில் அறிவியல் நியாயம் இருந்தது. உலர்ந்த மண்ணில் கிடக்கும் பாதரசமும், பிராணவாயு குறைந்த ஈரச் சேற்றில் நுண்ணுயிரிகளால் மீத்தைல் பாதரசமாக மாறி மீன்களின் உடலில் சேரும் பாதரசமும் ஒரே அளவு கேடு செய்வதில்லை. எண் ஒன்றாக இருந்தாலும் இடத்துக்கு இடம் அதன் பொருள் வேறு.

சென்னையின் பெருங்குடியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இது ஆலை வளாகம் இல்லை. சுமார் 225 ஏக்கர் குப்பைக் கிடங்கு. ஆனால் கசிவுநீரும் உலோகங்களும் பிளாஸ்டிக் துகள்களும் மண்ணில் இறங்கியுள்ள நிலம் என்ற வகையில் சிக்கல் ஒன்றே. பயோமைனிங் முறையில் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, எரியக்கூடியதைச் சிமெண்ட் ஆலைகளுக்கும் மண்ணைப் பள்ளம் நிரப்பவும் அனுப்புகிறார்கள். மீண்ட நிலத்தில் சூழல் பூங்கா, குப்பை பதப்படுத்தும் நிலையம் என யோசனைகள் பல வந்தன. ஆனால் அந்நிலம் பள்ளிக்கரணைச் சதுப்பின் பகுதி. அச்சதுப்பில் 1,247.54 ஹெக்டேர் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்றது. தாம்பரம் பக்கத்துச் சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் இதில்தான் சேர்கிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, சோழிங்கநல்லூர், நாவலூர் பகுதிகளைக் கடந்து முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்குப் போகிறது. நாவலூர் அடுக்ககவாசி பெருங்குடிக் குப்பைமேட்டைப் பார்த்திராவிட்டாலும் அதன் கசிவும் வெள்ளமும் போகும் பாதையில்தான் குடியிருக்கிறார். இத்திட்டத்தில் ‘சமூகம்’ என்றால் அவரும் சேர்ந்ததே. நீர்வழியை அளவுகோலாகக் கொண்டால், மீண்ட நிலம் மறுபடியும் நீரைத் தாங்கும் சதுப்பாக வேண்டும் என்ற முடிவுக்கே வருகிறோம். அதற்கேற்ற சுத்திகரிப்பும் வேறானது. பூங்காவுக்கு மேல்மண் பரப்பினால் போதும் என்று தோன்றலாம். சதுப்புக்கோ அடிமண்ணும் கசிவுநீரும் சோதிக்கப்பட வேண்டும். சேற்றில் சல்பைடாகக் கட்டுண்டிருக்கும் காரீயம், காட்மியம் போன்றவை தோண்டியெடுத்துக் காற்றுப் பட்டதும் கரைந்து வெளியேறக்கூடும். சலித்த மண்ணைச் சோதிக்காமல் வேறு பள்ளத்தில் கொட்டினால் மாசு இடம் பெயர்கிறதே தவிர, குறையாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. நெரிசல் மிகுந்த பழைய மகாபலிபுரம் சாலைப் (ஓஎம்ஆர்) பகுதிக்குப் பூங்காக்கள் வேண்டாமா என்பது ஒன்று. நிச்சயம் வேண்டும், ஆனால் பூங்காவைச் சதுப்பின் விளிம்பில் அமைக்கலாம், பள்ளிக்கரணையில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருக்கிறது. 2015 வெள்ளம் கண்ட இப்பகுதியில் சதுப்பின் நடுவே மண் கொட்டி மேடாக்கினால் இழக்கும் நீர்க்கொள்ளளவுக்கு ஈடு இல்லை. கடுமையான அளவுகோல் வைத்தால் செலவுக்கு அஞ்சிப் பணியே நடக்காது என்பது இன்னொரு மறுப்பு. பயன்பாட்டை ஒட்டிய அளவுகோல் எல்லா இடத்திலும் கடுமையைக் கேட்பதில்லை. நடைபாதை போடும் விளிம்புக்கும் நீர் நிற்கும் நடுப்பகுதிக்கும் தனித்தனி இலக்கு வைக்கலாம். பல்லாண்டுக் குப்பையைச் சுமந்த நிலம் பழைய சதுப்பாகாது என்பதும் உண்மைதான். பழைய உயிரினச் செழிப்பு மீளாவிட்டாலும் நீரைத் தேக்கி மெல்ல விடும் வேலையை அது மீண்டும் செய்ய முடியும்.

மாசடைந்த இடங்களுக்காக மத்திய அரசு 2025-இல் கொண்டுவந்த விதிகள் குப்பைக் கிடங்குகளின் திடக்கழிவைத் தம் வரம்புக்கு வெளியே வைத்துள்ளன. அந்த இடைவெளியை மாநில அரசு நிரப்பலாம். இறுதிப் பயன்பாட்டை அறிவிக்காமல் தோண்டும் ஒப்பந்தம் கூடாது. மண், நிலத்தடி நீர்ச் சோதனை முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். பொது விசாரணையில் நாவலூர்வரையுள்ள கீழ்நீர்ப் பகுதி மக்களுக்கும் இடம் வேண்டும். மீட்ட ஏக்கர் கணக்கை மட்டும் வெற்றியாகக் காட்டும் அறிக்கை, அந்த நிலம் யாருக்கு, எதற்காக மீட்கப்பட்டது என்பதற்குப் பதில் ஆகாது.